உள்ளறை ரெண்டர் நிஜம்போல வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

முப்பரிமாண மாடலிலிருந்து கம்ப்யூட்டர் படம் உருவாக்கும் வேலை, அதாவது ரெண்டர், முடிந்து படம் வந்துவிட்டது. சோபா இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, வெயிலும் விழுகிறது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர் படம் என்று தெரிந்துவிடுகிறது. எது காட்டிக்கொடுக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. பெரும்பாலோர் கண்ணை உறுத்துகிற பொருளின் மெட்டீரியலைத் (அதன் நிறம், பளபளப்பு அமைப்பு) திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். தரை பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தால் தரையின் மெட்டீரியலை மாற்றுகிறார்கள். நேரம் வீணாவது அங்கேதான். உள்ளறைப் படங்களில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறொன்று. அந்தத் தரை பிளாஸ்டிக்காகத் தெரிவதற்கு, எதிரே பிரதிபலிக்க எதுவும் இல்லாத வெற்றறை காரணமாக இருக்கலாம். கூரை முழுக்கப் பரப்பி வைத்த விளக்குகளும் காரணமாக இருக்கலாம்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் பிளெண்டரின் சைக்கிள்ஸ், வி-ரே, கொரோனா ஆகிய ரெண்டர் மென்பொருள்களிலிருந்து தருகிறேன். வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்கள்தான் மாறும். 1986-இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்ட, ஒளி பரப்புகளில் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடும் ரெண்டரிங் சமன்பாட்டைத்தான் இவை எல்லாம் தத்தம் வழியில் தீர்க்கப் பார்க்கின்றன. அதனால் கோளாறுகளும் பொதுவானவையே.

எதையும் தொடுவதற்கு முன்: கிளே ரெண்டர்

காட்சியில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரே சாம்பல் மெட்டீரியலைப் போட்டு ஒரு ரெண்டர் எடுங்கள். பிளெண்டரில் வியூ லேயர் அமைப்பில் மெட்டீரியல் ஓவர்ரைடு இருக்கிறது; வி-ரேயிலும் கொரோனாவிலும் இதே வசதி உண்டு. ஜன்னல் கண்ணாடியையும் மெல்லிய திரைச்சீலையையும் மட்டும் இதிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் அவையும் சாம்பல் சுவராகி வெளிச்சத்தை அடைத்துவிடும்.

வந்த படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பொருள் எதற்கு முன்னால் நிற்கிறது, அறையின் ஆழம் எவ்வளவு என்று யோசிக்காமலே தெரிய வேண்டும். தெரிந்தால் ஒளியும் வடிவமும் சரி. கோளாறு மெட்டீரியலிலோ கேமராவிலோ இருக்கிறது. தெரியவில்லையென்றால் மெட்டீரியல் எடிட்டரைத் திறக்கவே வேண்டாம். சாம்பல் நிறத்திலேயே தட்டையாக இருக்கும் அறையை விலையுயர்ந்த டெக்ஸ்சர் (பரப்பில் ஒட்டும் படம்) காப்பாற்றாது.

இன்னொன்று. ஒரு ரெண்டருக்கு ஒரே ஒரு மாற்றம்தான். கால் பங்கு அளவில் ரெண்டர் எடுங்கள், என்ன மாற்றினீர்கள் என்பதையே கோப்பின் பெயராக வையுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: படம் தட்டையாக இருக்கிறது, ஆழமே இல்லை

இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. காரணமும் பெரும்பாலும் ஒன்றே: விளக்குகள் அதிகம். அறை இருட்டாக இருக்கிறதே என்று ஒரு ஏரியா லைட், அந்த மூலை தெரியவில்லையே என்று இன்னொன்று, கேமராவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வந்தால் எந்த நிழலும் மிஞ்சாது. நிழல் இல்லாத இடத்தில் கண் வடிவத்தைப் படிக்க முடியாது.

சோதிக்கும் வழி: எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தனியே ஏற்றி ரெண்டர் எடுங்கள். வி-ரே, கொரோனாவில் லைட் மிக்ஸ், பிளெண்டரில் லைட் குரூப் வைத்தால் ஒரே ரெண்டரில் இதைப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு விளக்குக்கும் இது நிஜ அறையில் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஜன்னல், கதவு, மேசை விளக்கு, ஃபால்ஸ் சீலிங்கில் உள்ள எல்.இ.டி. பட்டை என்று ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத விளக்கை எடுத்துவிடுங்கள். படம் இருண்டால் இருளட்டும், அதற்குக் கேமராவின் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இருக்கிறது.

பகல் வெளிச்சம் உள்ள அறைக்கு ஒரு வானம், ஒரு சூரியன், அவ்வளவுதான் தொடக்கம். வானத்துக்கு எச்.டி.ஆர்.ஐ. (நிஜ வெளிச்ச அளவுகளைப் பதிந்த) படமோ மென்பொருளிலேயே உள்ள ஸ்கை அமைப்போ போதும். வெயில் நேராக விழ வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். விழுந்தால் நிழலின் விளிம்பைக் கவனியுங்கள். வானத்தில் சூரியனின் கோண விட்டம் சுமார் அரை பாகை. அதனால் ஜன்னல் சட்டத்தின் நிழல் 3 மீட்டர் தள்ளித் தரையில் விழும்போது விளிம்பு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக இருக்கும். சட்டத்துக்கு அருகிலேயே விழும் நிழல் கூர்மையாக இருக்கும். இரண்டும் ஒரே கூர்மையில் இருந்தால் சூரியனின் அளவு பூஜ்யத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு எண்ணைத் திருத்தினாலே வெயில் நம்பும்படியாகிவிடுகிறது.

பிறகு சோபாவின் கால் தரையைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கால் தரையில் படுகிற இடத்தில் மெல்லிய, கறுத்த கோடு. அங்கிருந்து வெளியே வரவரச் சாம்பலாகிக் கரைகிற நிழல். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் அது நீண்டு கிடக்க வேண்டும். சுற்றிலும் ஒரே அளவு மங்கல் வளையம் தெரிந்தால் இன்னும் எங்கோ தேவையில்லாத விளக்கு எரிகிறது. கறுத்த கோடே இல்லையென்றால் கால் தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலே மிதக்கிறது. பக்கவாட்டுத் தோற்றத்தில் பார்த்து இறக்கிவிடுங்கள். கம்பளத்தின்மேல் நிற்கும் பொருளாக இருந்தால் கொஞ்சம் உள்ளே அமுங்கியே இருக்கட்டும்.

அறிகுறி: வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு

நேர் வெயிலில் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் அளவில் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் மட்டும் உள்ள அறையின் நடுவில் அது சில நூறு லக்ஸ்தான். இந்த வித்தியாசம் ஏழெட்டு ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. கண் இதற்குப் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை; கேமராவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். சூரியனின் பலத்தைக் கூட்டுவது தவறான வழி. வானத்துக்கும் சூரியனுக்கும் உள்ள விகிதம் கெட்டு, வெயில் விழும் இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக எரியும்.

அதற்குப் பிறகும் இருட்டென்றால் ஜன்னல் கண்ணாடியை மறைத்துவிட்டு ஒரு ரெண்டர் எடுங்கள். அறை சட்டென்று வெளிச்சமானால் குற்றவாளி கண்ணாடி. ஒளிவிலகல் உள்ள கண்ணாடியைப் பாத் டிரேஸர் (ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து கணக்கிடும் ரெண்டர் எஞ்சின்) நிழல் தரும் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. அதன் வழியே வரும் வெயிலைக் காஸ்டிக்ஸாக (கண்ணாடி, உலோகம் வழியே குவிந்து விழும் ஒளியாக) கணக்கிடப் பார்த்துத் திணறுகிறது. கொரோனாவில் மெல்லிய கண்ணாடி என்ற தெரிவை இடுங்கள். வி-ரேயில் அஃபெக்ட் ஷேடோஸ் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பிளெண்டரில் லைட் பாத் நோடின் ஷேடோ ரே வெளியீட்டை வைத்து, நிழல் கதிர்களுக்கு மட்டும் கண்ணாடியை வெறும் டிரான்ஸ்பரன்ட் ஆக்கிவிடலாம்.

மூன்றாவது காரணம் பவுன்ஸ் எண்ணிக்கை, அதாவது ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்பது. சைக்கிள்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் தொடக்கத்தில் 4-இல் இருக்கும். ஒரே ஒரு ஜன்னல் உள்ள ஆழமான அறையில் வெளிச்சம் பின்சுவர்வரை சுற்றி வர இது போதாது. 8 ஆக்கிப் பாருங்கள், கூரையின் மூலைகள் திறந்துகொள்ளும்.

இரவுக் காட்சியில் இருட்டென்றால் விளக்குகளின் அலகைப் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 800 லூமென். ஆனால் பிளெண்டரில் விளக்குக்கு இடும் வாட் மின்சார வாட் அல்ல, வெளிவரும் ஒளியின் சக்தி. டப்பாவில் போட்டிருக்கும் வாட் எண்ணை அப்படியே எடுத்து இடாதீர்கள். லூமென் அலகு உள்ள மென்பொருளில் அதையே பயன்படுத்துங்கள். சுவரில் விழும் ஒளியின் வடிவம் முக்கியமான இடங்களில் விளக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஐ.இ.எஸ். கோப்பைப் போட்டுவிடுங்கள். ஸ்பாட் லைட்டைக் கையால் திருகி அந்த வடிவத்தைக் கொண்டுவருவது கடினம்.

அறிகுறி: ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரிந்துபோகிறது

நிஜ போட்டோவிலும் ஜன்னல் அறையைவிட வெளிச்சமாகத்தான் இருக்கும். அதை முழுக்க அடக்கிவிட்டால், ஜன்னலுக்கு வெளியே போஸ்டர் ஒட்டியதுபோல் ஆகிவிடும். வெளிக்காட்சி ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகவே இருக்கட்டும்.

ஆனால் விளிம்புகள்கூடத் தெரியாமல் வெட்டுப்பட்டதுபோல் எரிந்தால் கோளாறு டோன் மேப்பிங்கில் (கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரையின் வரம்புக்குள் அடக்கும் முறையில்) இருக்கிறது. பிளெண்டரில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஸ்டாண்டர்டு என்று இருக்கிறதா பாருங்கள். 2017-இல் 2.79 பதிப்போடு ஃபில்மிக் வந்தது, 2023-இல் 4.0 பதிப்பிலிருந்து ஏஜி-எக்ஸ்தான் தொடக்க அமைப்பு. பழைய கோப்பைத் திறந்து வேலை செய்கிறவர்களுக்குப் பழைய அமைப்பே வந்துவிடும். கொரோனாவில் ஹைலைட் கம்ப்ரஸ், வி-ரேயில் ஹைலைட் பர்ன் ஆகியவற்றை மெல்ல நகர்த்துங்கள். கடைசி முனைவரை இழுத்தால் படம் முழுவதும் சாம்பல் பூத்துவிடும்.

அறிகுறி: வெள்ளைச் சுவரில் மூலையே தெரியவில்லை

சுவருக்கு 255, 255, 255 கொடுத்திருப்பீர்கள். உலகத்தில் அப்படி ஒரு பெயின்ட் கிடையாது. நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். புதிதாக விழுந்த பனிகூட 90 சதவீதத்தை ஒட்டித்தான்.

இந்தச் சின்ன வித்தியாசம் பவுன்ஸ் கூடும்போது பெரிதாகிறது. சுவர் 0.8 என்றால் எட்டு முறை பட்டுத் திரும்பிய ஒளியில் 17 சதவீதம் மிஞ்சும். 0.95 என்றால் 66 சதவீதம் மிஞ்சும். அப்படியானால் மூலைக்குள் போன வெளிச்சம் வெளியேறாமல் அங்கேயே சுற்றுகிறது, நிழலைத் தின்றுவிடுகிறது, நாய்ஸும் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) தீராமல் நிற்கிறது. நிறத் தேர்வில் 230-ஐ ஒட்டிய மதிப்பு கொடுத்தால் அது ஏறத்தாழ 0.8 பிரதிபலிப்பு. சுவர் வெள்ளையாகத் தெரிய வைப்பது எக்ஸ்போஷரின் வேலை. கறுப்புக்கும் இதே விதி: பூஜ்யம் கொடுத்தால் பொருள் படத்தில் ஓட்டை போட்டதுபோல் இருக்கும். கரியே 4 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. 50-ஐ ஒட்டியே நிறுத்துங்கள்.

அறிகுறி: சுவர் மஞ்சளாகவோ நீலமாகவோ, சில இடத்தில் சிவப்பாகவோ இருக்கிறது

படம் முழுவதும் ஒரே சாயம் என்றால் ஒயிட் பேலன்ஸ். குண்டு பல்பு 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 முதல் 6500, நிழல் பக்கத்து நீல வானம் 10,000-ஐயும் தொடும். விளக்கும் ஜன்னலும் ஒரே காட்சியில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெள்ளையாக்க முடியாது, முயலவும் வேண்டாம். 4500-ஐ ஒட்டி வைத்து, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நீலம், விளக்குப் பக்கம் கொஞ்சம் மஞ்சள் என்று விட்டுவிடுங்கள். மாலை நேரப் படங்களின் அழகே அந்த இரண்டு நிறமும் ஒரே சுவரில் சந்திக்கும் இடம்தான்.

ஒரு பகுதியில் மட்டும் சாயம் என்றால் பக்கத்துப் பொருளின் நிறம் வழிகிறது. இது பிழை அல்ல, இயற்பியல். 1984-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறச் சுவர்கள் கொண்ட ஒரு வெறும் பெட்டியைக் கணித்துக் காட்டியதே இதை விளக்கத்தான். கார்னெல் பெட்டி என்று இன்றும் ரெண்டர் மென்பொருள்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். வழிவது அளவுக்கு மீறினால் அந்தச் சோபாவின் அல்லது வெளியே உள்ள புல்தரையின் நிறச்செறிவைக் குறையுங்கள். நிஜத் துணியும் புல்லும் நாம் தேர்ந்தெடுக்கும் நிறத்தைவிட மங்கலானவை.

அறிகுறி: படம் முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ்

சாம்பிளை (ஒரு புள்ளிக்கு விடும் கதிர்களின் எண்ணிக்கையை) கூட்டு என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும், கால் பங்காக்கப் பதினாறு மடங்கு. அதனால் முதலில் நாய்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

மூலைகளிலும் கூரையிலும் என்றால் மறைமுக ஒளி குறைவாகக் கிடைக்கிறது. ஜன்னல்களில் போர்ட்டல் வையுங்கள், வானத்தின் ஒளி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ரெண்டர் எஞ்சினுக்குத் தெரியும். நிழல்களின் ஓரத்தில் என்றால் விளக்குகளின் எண்ணிக்கையோ அளவோ அதிகம். உலோகம், கண்ணாடிக்குப் பக்கத்தில் என்றால் காஸ்டிக்ஸ். உள்ளறைப் படத்தில் பெரும்பாலும் அதை அணைத்துவிடலாம். இவற்றைச் சரிசெய்த பிறகு சாம்பிளைக் கூட்டினால் கொடுத்த நேரத்துக்குப் பலன் இருக்கும்.

அறிகுறி: ஆங்காங்கே தனித்தனி வெள்ளைப் புள்ளிகள்

ஃபயர்ஃபிளை. மிகச் சிறிய, மிகப் பிரகாசமான ஒளிமூலத்தை எப்போதோ ஒரு கதிர் தற்செயலாகத் தொட்டுவிடுகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் பல்பு வழக்கமான காரணம். கூண்டின் கண்ணாடிக்கு நிழலை அணைத்துவிடுங்கள், அல்லது பல்பைக் கொஞ்சம் பெரிதாக்கி அதன் செறிவைக் குறையுங்கள். பிளெண்டரில் மறைமுக ஒளிக்கான கிளாம்ப் (உச்ச வரம்பு) தொடக்கத்தில் 10; படிப்படியாக இறக்கலாம். ஒன்றுக்குக் கீழே போனால் விளக்கொளியின் உயிர் போய்விடும்.

அறிகுறி: டினாய்ஸ் செய்தபின் எண்ணெய்ச் சித்திரம்போல் வழுவழுப்பு

கம்பளத்தின் இழை, துணியின் நெசவு, மரத்தின் ரேகை இவைதான் முதலில் அழியும். நாய்ஸை அழிக்கும் டினாய்ஸருக்கு ஆல்பிடோ (பரப்பின் அசல் நிறம்), நார்மல் (பரப்பு நோக்கும் திசை) என்ற இரண்டு பாஸையும் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். இன்டெலின் ஓப்பன் இமேஜ் டினாய்ஸ் இந்த இரண்டையும் வைத்துத்தான் எது நாய்ஸ், எது நெசவு என்று பிரிக்கிறது. கொடுத்தும் வழுவழுப்பு என்றால் கைக்கு வந்த படத்தில் தகவலே போதவில்லை, சாம்பிளை இரட்டிப்பாக்குங்கள். கடைசியில் டினாய்ஸ் செய்த படத்தின்மேல் மூலப் படத்தை 20 முதல் 30 சதவீதம் கலந்தால், மிச்சமிருக்கும் மெல்லிய நாய்ஸ் ஃபிலிம் கிரெய்ன்போல் நின்று படத்துக்கு நன்மையே செய்யும்.

அறிகுறி: சுவரும் கூரையும் சேரும் இடத்தில் வெளிச்சக் கோடு

சுவர் வெறும் தாளாக இருக்கிறது, அல்லது இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளி. சுவருக்கு நிஜத் தடிமன் கொடுங்கள், தரையையும் கூரையையும் சுவருக்கு வெளியேவரை நீட்டுங்கள். அன்ரியல் எஞ்சினின் லூமென் (ஒளி அலகு அல்ல, ஒளி அமைப்பின் பெயர்) போன்ற நிகழ்நேர ரெண்டரில் சுவர் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஒளி கசியும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

அறிகுறி: கறுப்புத் திட்டு, வரிவரியான நடுக்கம்

ஒரு முகம் மட்டும் கறுப்பு என்றால் நார்மல் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. பிளெண்டரில் ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டால் சிவப்பாகக் காட்டும். இரண்டு நிறம் வரிவரியாகப் பின்னிக்கொண்டால் இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. ஒன்றை நீக்குங்கள் அல்லது 1 மி.மீ. தள்ளுங்கள்.

அறிகுறி: ஒளி சரி, ஆனால் எல்லாம் பிளாஸ்டிக்

கிளே ரெண்டர் நன்றாக வந்து, மெட்டீரியல் போட்டதும் போலியாகிறது என்றால் மட்டுமே இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

முதலில் விளிம்பு. ஒரு மர மேசையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்பரப்பும் பக்கப்பரப்பும் கத்தியால் வெட்டியதுபோல் சந்தித்தால் அது மேசை அல்ல, கணிதம். எந்தத் தச்சரும் அப்படி ஒரு விளிம்பை விடமாட்டார். உப்புத்தாள் ஒரு தடவையாவது ஓடியிருக்கும். 1 முதல் 3 மி.மீ. பெவல் (விளிம்பை மழுக்குவது) கொடுங்கள். அந்த வளைவில் ஜன்னலின் ஒளி ஒரு மெல்லிய கோடாக ஓடும். மேசை திடப்பொருள் என்று கண் நம்புவது அந்தக் கோட்டை வைத்துத்தான். மாடலைத் தொட முடியாத இடத்தில் பிளெண்டரின் பெவல் நோடு, கொரோனாவின் ரவுண்ட் எட்ஜஸ் கைகொடுக்கும். கதவுச் சட்டம், அலமாரிக் கதவு, ஸ்கர்ட்டிங், சுவிட்ச் தகடு எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

இரண்டாவது, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) மேப்பின் கலர் ஸ்பேஸ். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரஃப்னெஸ், நார்மல், மெட்டாலிக் மேப்கள் நிறம் அல்ல, எண்கள். அவற்றை நான்-கலர் என்று குறிக்காமல் எஸ்.ஆர்.ஜி.பி.யாகப் படித்தால், 0.5 என்று இருக்க வேண்டிய மதிப்பு 0.21 ஆகிவிடும். மேட் தரை ஈரத் தரையாகிவிடும். கிடங்கில் இருந்து இறக்கிய டெக்ஸ்சர் முன்னோட்டத்தில் ஒரு மாதிரியும் உங்கள் ரெண்டரில் வேறு மாதிரியும் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இது.

மூன்றாவது, ஒரே சீரான பளபளப்பு. மரம், டைல், பெயின்ட் எல்லாம் ஏறத்தாழ 1.5 ஒளிவிலகல் எண் கொண்டவை. நேராகப் பார்த்தால் 4 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கும், சாய்ந்து பார்க்கப் பார்க்கக் கண்ணாடியை நெருங்கும். இதை எஞ்சின் தானாகச் செய்யும், ஸ்பெக்குலர் எண்ணைத் திருகிக் கெடுக்காதீர்கள். மெட்டாலிக்கும் அப்படித்தான்: உலோகத்துக்கு 1, மற்றதுக்கு 0, இடையில் வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது ரஃப்னெஸில் ஏற்ற இறக்கம் கொண்டுவருவது. கைப்பிடியைச் சுற்றி விரல் பட்ட மினுக்கம், நடந்து தேய்ந்த தரை, துடைத்த தடம் உள்ள மேசை. நேர் வெளிச்சத்தில் தெரியாமல், ஜன்னல் பிரதிபலிக்கும் கோணத்தில் மட்டும் தெரிகிற அளவு போதும்.

மேடும் பள்ளமும் தலைகீழாகத் தெரிந்தால், செங்கல் இடுக்கு வெளியே துருத்தினால், நார்மல் மேப்பின் பச்சைச் சேனலைத் திருப்புங்கள். அது டைரக்ட்-எக்ஸ் முறைக்குச் செய்யப்பட்டது, பிளெண்டர் ஓப்பன்-ஜி.எல். முறையை எதிர்பார்க்கிறது.

அறிகுறி: அறை பொம்மை வீடு மாதிரி இருக்கிறது

அளவு. கதவு 2.1 மீட்டர், மேசை 75 செ.மீ., நாற்காலி இருக்கை 45 செ.மீ. உயரம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இணையத்திலிருந்து இறக்கும் மாடல்கள் சில அங்குலத்தில் செய்யப்பட்டு மீட்டரில் திறக்கும். பொருள் சரியென்றால் டெக்ஸ்சர்: 600 மி.மீ. டைல் படத்திலும் 600 மி.மீ. ஆகவே விழ வேண்டும். மர ரேகை பெரிதானால் அறை சுருங்கிவிடும். ஒரே முடிச்சு வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக நகர்த்தி, நிறத்தையும் இம்மியளவு மாற்றுங்கள். டெப்த் ஆஃப் ஃபீல்டு தரும் மங்கல் அதிகமானாலும் பொம்மை வீடுதான். முழு அறைப் படத்துக்கு எஃப் 8 போதும்.

அறிகுறி: சுவர்கள் சாய்கின்றன, அறை மண்டபமாக நீள்கிறது

எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் காட்டும் ஆசையில் 16 மி.மீ. லென்ஸ் போட்டிருப்பீர்கள். 36 மி.மீ. சென்சாரில் அது 97 பாகை. ஓரத்தில் உள்ள நாற்காலி இழுபட்டுக் கட்டில் ஆகிவிடும். 24 மி.மீ. என்றால் 74 பாகை, முழு அறைக்கு அதற்குக் கீழே இறங்காதீர்கள். இடம் போதவில்லையென்றால் கேமராவைச் சுவருக்கு வெளியே நிறுத்தி, கிளிப்பிங் வைத்து அந்தச் சுவரை வெட்டுங்கள். ஆனால் வெட்டிய சுவர் வழியாக வெளிச்சம் உள்ளே வரக் கூடாது. கேமராவுக்கு மட்டும் தெரியாமல் சுவர் அங்கேயே இருக்கட்டும்.

கேமராவைக் குனியவோ நிமிரவோ விடாமல் மட்டமாக வையுங்கள், மேலும் கீழும் நகர்த்த லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிறது. உயரம் 1.2 மீட்டரை ஒட்டி இருந்தால் மேசையின் பரப்பும் தெரியும், கூரையும் அளவாக வரும். என் கருத்தில் உள்ளறைப் படத்தில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தருவது இந்தத் திருத்தம்தான்.

அறிகுறி: துணி அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது

மெல்லிய திரைச்சீலைக்குப் பின்னிருந்து வரும் ஒளி உள்ளே ஊடுருவ வேண்டும். டிரான்ஸ்லூசன்ட் (ஒளியைச் சிதறடித்துக் கடத்தும் தன்மை) சேர்க்காமல் வெறும் டிரான்ஸ்பரன்ட் மட்டும் போட்டால் அது கண்ணாடித்தாள் ஆகிவிடும். மடிப்புகள் ஒரே அகலத்தில் அலையடிக்காமல், கீழே போகப்போக விரியட்டும், ஓரம் தரையைத் தொட்டு மடங்கட்டும். மெத்தைக்குத் தையல் கோடும், தையலை ஒட்டிய சுருக்கமும், உட்கார்ந்து எழுந்த பள்ளமும் வேண்டும். வெல்வெட், கம்பளி போன்றவற்றுக்கு ஷீன் (ஓரத்தில் தெரியும் மெல்லிய மினுக்கம்) கொஞ்சம்.

அறிகுறி: குறையொன்றும் இல்லை, ஆனால் யாரும் வாழாத அறை

நாற்காலிகளை இரண்டு மூன்று பாகை திருப்புங்கள். புத்தகங்கள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டாம். மேசை விளக்குக்கு ஒயர் இருக்க வேண்டும், அது போய்ச் சேரச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். பெரும்பாலான படங்களில் விளக்கு எரிகிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதற்காகப் பொருட்களைக் குவிக்காதீர்கள். வீட்டில் இருப்பவர் கடைசியாக எங்கே உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள் முடிவுசெய்து, அந்த ஒரு இடத்தை மட்டும் கலைத்துவிட்டால் போதும்.

அறிகுறி: ரெண்டர் நடுவிலேயே நின்றுவிடுகிறது

கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது. 4096 பிக்ஸல் சதுர டெக்ஸ்சர் ஒன்று விரிந்தால் 64 எம்.பி.; 8192 என்றால் 256 எம்.பி. ஒரே மெட்டீரியலுக்கு 8கே மேப் நான்கு போட்டால் 1 ஜி.பி. அதற்கே போய்விடும். படத்தில் கட்டைவிரல் அளவு தெரியும் பூச்சாடிக்கு 1கே போதும். ஒரே நாற்காலி ஆறு இருந்தால் நகலெடுக்காமல் இன்ஸ்டன்ஸ் (ஒரே தரவைப் பகிரும் பிரதி) ஆக்குங்கள்.

அறிகுறி: ஏ.ஐ. கருவியில் மெருகேற்றியதும் வடிவமைப்பே மாறிவிட்டது

செடி, துணி, மனித உருவம் ஆகியவற்றை ஏ.ஐ. கருவிகள் நன்றாகவே உயிர்ப்பிக்கின்றன. ஆனால் அலமாரியில் நான்கு இழுப்பறை இருந்தது ஐந்தாகும், குழாயின் கைப்பிடி திசை மாறும், டைலின் கோடுகள் ஒன்றோடொன்று சேராது. வாடிக்கையாளர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளப் போகிறார், அதை வைத்துத்தான் ஒருவர் அலமாரி செய்யப் போகிறார் என்றால் இது சின்னப் பிசகு அல்ல. மாற்றத்தின் பலத்தை 0.2, 0.3 அளவிலேயே வைத்து, முழுப் படத்தையும் கொடுக்காமல் மாஸ்க் போட்டு வேண்டிய பகுதியை மட்டும் கொடுங்கள். வந்த படத்தை மூல ரெண்டரின்மேல் வைத்து, லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். அலமாரி, ஜன்னல், டைல், மின்விளக்கு உள்ள இடங்களில் கோடுகள் மின்னினால் அங்கெல்லாம் மூல ரெண்டரையே திரும்ப வையுங்கள்.